முன்பக்கம் ஒண்ணு சொல்லுது, பின் அட்டை ஒண்ணு சொல்லுது: நம்ம தேவாரப் புத்தகமும் கணினி உரிமங்களின் கதையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மூணு நாளா எழுதினது. பொறுமையா படிங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு வேண்டுகோளும் இருக்கு.

போன மாதம் காப்பார் பக்கத்திலிருந்து ஒரு தேவார வகுப்பு டீச்சர் போன் பண்ணாங்க. நம்ம ஆலயம் போட்ட தேவாரத் திரட்டு அவங்க கையில ஆறு புத்தகம்தான் இருக்கு, வகுப்பில் நாற்பது பிள்ளைகள். "அண்ணே, முதல் பக்கத்துல 'யாரும் நகல் எடுத்துப் பயன்படுத்தலாம்'னு போட்டிருக்கீங்க. பின் அட்டையில 'அனைத்து உரிமையும் ஆலயத்துக்கே, அனுமதியின்றி நகல் எடுக்கக் கூடாது'ன்னு போட்டிருக்கு. எதை நம்புறது?" என்று கேட்டாங்க.

நான் சிரிச்சிக்கிட்டே, "சாமி காரியம்தானே டீச்சர், சும்மா எடுங்க, யார் கேட்கப் போறா"ன்னு சொன்னேன். அவங்க விடல. "நீங்க சொல்றீங்க. நாளைக்கு உங்க கமிட்டி மாறினா? வேற யாராவது வந்து அந்தப் பின் அட்டையைக் காட்டினா? எங்க ஆலயத்துக்குத்தானே கெட்ட பேரு?" அதனால மூணு ஞாயிற்றுக்கிழமையா அவங்க நகல் எடுக்கவே இல்லை. ஆறேழு பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்று பாடியிருக்காங்க.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரல. தர்மமா கொடுத்த பொருளை, நாமே எழுதின ரெண்டு வரி பூட்டி வைத்திருக்கிறது.

எப்படி நடந்தது என்று பார்த்தோம். முன்பக்க வரி நாங்க எழுதினது. பின் அட்டை வரி, பிரிக்பீல்ட்ஸில் அச்சுக்குக் கொடுத்தபோது பழைய திருவிழா மலரின் அட்டையை அப்படியே மாதிரியா எடுத்ததால் கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது. யாரும் படிச்சுப் பார்க்கல.

நம்ம தொண்டர் குழுவில் கணினி படிக்கிற ஒரு தங்கச்சி இருக்கு. அதுகிட்ட சொன்னேன். "அங்கிள், இது நம்ம புத்தகத்துல மட்டும் இல்ல. நீங்க புத்தகத்துக்குப் பயன்படுத்தின தமிழ் எழுத்துருவைத் திறந்து பாருங்க"ன்னு சொல்லிச்சு. இணையத்தில் இலவசமா எடுத்த எழுத்துரு அது. சுருக்கி வைத்த அந்தக் கோப்புக்குள் ரெண்டு தாள் இருந்தது. ஒன்றில், 'இலவசமாகப் பயன்படுத்தலாம், விற்பனைக்குக் கூடாது' என்று இருந்தது. இன்னொன்றில் ஜி.பி.எல். என்ற உரிமம் முழுசா இருந்தது. அந்த ஜி.பி.எல்.-ஓ, விற்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. நம்ம புத்தகம் ஐந்து வெள்ளி. அப்போ நாம செய்தது சரியா, தப்பா?

நான் ஐந்தாம் படிவம் வரை படிச்சவன், பேக்டரியில் சூப்பர்வைசர். ஆனால் இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு என்று அந்தத் தங்கச்சி சொல்லச் சொல்ல, படிக்கப் படிக்க, நம்ம கோயில் வரலாறு மாதிரியே இருந்தது. அதைத்தான் உங்களோட பகிர்ந்துக்கிறேன்.

கல்லில் வெட்டிய உரிமம்

முதலில் நம்ம வீட்டுக் கதை. சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க 96 ஆடு கொடுப்பார். அந்த ஆடுகளைக் கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகாது என்று அர்த்தம் இல்லை. எத்தனை செத்தாலும், எத்தனை குட்டி போட்டாலும், கணக்கில் 96 குறையாமல் வைத்து விளக்குக்கு நெய் அளக்க வேண்டும் என்று அர்த்தம். அது ஒரு நிபந்தனை. கொடுத்தவர் யார், எதுக்குக் கொடுத்தார், யார் பொறுப்பு, எவ்வளவு காலம் என்று எல்லாம் கல்லில் இருக்கும். கடைசியில் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று முடியும். அதாவது, இதைக் காப்பது அடியார்கள் எல்லார் பொறுப்பும்.

985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜ சோழன், தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்ததை மட்டுமா கல்லில் வெட்டச் சொன்னார்? அக்கா கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். வாய்வார்த்தை மறந்து போகும், கமிட்டி மாறிப் போகும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது.

தேவாரம் கிடைத்த கதையும் உங்களுக்குத் தெரியும். தில்லையில் ஏடுகள் இருந்த அறையைத் திறக்க ராஜராஜன் கேட்டபோது, பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்று தீட்சிதர்கள் சொன்னதாகவும், மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, கதவைத் திறக்க வைத்ததாகவும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், மன்னனாக இருந்தும் அவர் பூட்டை உடைக்கவில்லை. உரியவர் வரணும் என்றால், உரியவரை வரவழைத்தார். இந்த இடத்தை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வரும்.

இலவசம் வேற, கட்டற்றது வேற

இனி கணினிக் கதை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் 'குனூ' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. இந்தச் சுதந்திரம் அடுத்தவர் கைக்குப் போகும்போதும் அறுந்து போகக் கூடாது என்பதற்காக 1989-ல் எழுதின உரிமம்தான் ஜி.பி.எல். 1991-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்தான். அதனால் அங்கே பெரிய குழப்பம். நம்ம தமிழில் அந்தக் குழப்பமே இல்லை, 'இலவச மென்பொருள்' வேற, 'கட்டற்ற மென்பொருள்' வேற. அன்னதானத்தில் சாப்பாடு இலவசம். ஆனால் அதை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுத்து, நீயும் போய் உன் ஊரில் போடு என்று சொன்னால் அது கட்டற்றது.

ஜி.பி.எல்.-இல் ரெண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இந்த உரிமத்தோடு வாங்கினவர் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது புதுசா எந்தத் தடையும் சேர்க்கக் கூடாது. இரண்டு, இந்த உரிமத்தையும் வேறு ஏதோ ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்து நிறைவேற்ற முடியாவிட்டால், அந்தப் பொருளை விநியோகமே செய்யக் கூடாது. 'ரெண்டுல எனக்குச் சௌகரியமானதை எடுத்துக்கிறேன்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

காசு வாங்கக் கூடாதுன்னு சொன்ன லினக்ஸ்

1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' எழுதினார். இன்றைக்கு உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓடுவது அதுதான். ஆனால் முதல் வெளியீட்டில் அவர் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? யாரும் இதுக்குக் காசு வாங்கக் கூடாது, நகல் எடுக்கும் கைச்செலவுக்குக்கூட வாங்கக் கூடாது.

நல்ல மனசுதான். ஆனால் அப்போ இணையம் எல்லார் வீட்டிலும் கிடையாது. பிளாப்பி டிஸ்கில் நகல் எடுத்துக் கொடுக்கணும். டிஸ்குக்கு யார் காசு கொடுப்பது? தபாலுக்கு? கொடுக்க ஆசைப்பட்டவர்களை அந்த நல்ல நிபந்தனையே தடுத்தது. அவர்கள் கேட்டபோது அவர் யோசித்து, 1992 தொடக்கத்தில் லினக்ஸை ஜி.பி.எல்.-க்கு மாற்றினார். அப்போது அதில் வேலை செய்தவர்கள் ஒரு சிலர்தான், கேட்டு மாற்ற முடிந்தது. பத்து வருஷம் விட்டிருந்தால் ஆயிரக்கணக்கான பேரைத் தேடிப் போகணும்.

நம்ம தேவாரப் புத்தகத்தின் ஐந்து வெள்ளியும் அச்சுக் கூலிதான் என்று நினைத்துப் பாருங்க.

எழுபத்தஞ்சு நன்றி

அடுத்தது கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. மென்பொருள். அதன் உரிமம் ரொம்பத் தாராளம், ஒரே ஒரு நிபந்தனை மட்டும் உறுத்தல். விளம்பரத்தில் இந்த மென்பொருளைப் பற்றிச் சொன்னால், இதைச் செய்தது எங்கள் பல்கலைக்கழகம் என்று ஒரு வரி போடணும். கேட்க நியாயமாத்தான் இருக்கு.

ஆனால் பின்னாடி வந்தவர்கள் அந்த உரிமத்தை எடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தங்கள் தங்கள் பெயரைப் போட்டார்கள். 1997-ல் நெட்பி.எஸ்.டி. என்ற தொகுப்பில் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தபோது அப்படி 75 வரிகள் இருந்தன! நம்ம கும்பாபிஷேக நோட்டீஸில் உபயகாரர் பெயர் போடுவோமே, அது ரெண்டு பக்கம் போய், சாமி பெயர் எங்கே என்று தேடுகிற நிலைமை மாதிரி. அதோடு, இந்த விளம்பர நிபந்தனை ஒரு புதுத் தடை என்பதால், ஜி.பி.எல். மென்பொருளோடு சேர்க்கவும் முடியாது.

எப்படித் தீர்ந்தது? உரியவரிடம் பேசினார்கள். 1999 ஜூலையில் பல்கலைக்கழகமே அந்த நிபந்தனையை நீக்கி அறிவித்தது. தன் பங்குக்கு மட்டும்தான் அது நீக்க முடியும். மற்ற பெயர்க்காரர்கள் அவரவர் பங்கை அவரவர்தான் நீக்கணும்.

நட்புக்குள் வந்த வழக்கு

1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் கே.டி.இ. என்ற திட்டத்தைத் தொடங்கினார். லினக்ஸ் கணினியை, விண்டோஸ் மாதிரி படம் பார்த்து அழுத்திப் பயன்படுத்த வைக்கும் வேலை. பல பேர் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். கே.டி.இ.-யின் உரிமம் ஜி.பி.எல். ஆனால் அது நின்ற அஸ்திவாரம், நார்வேயின் டிரோல்டெக் கம்பெனி செய்த 'க்யூட்டி' என்ற தொகுப்பு. அதன் உரிமம் வேற, ரெண்டும் ஒத்துப் போகல.

டெபியன் என்ற லினக்ஸ் குழு, 1998-ல் கே.டி.இ.-யைத் தங்கள் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. கே.டி.இ. கெட்டது என்பதால் இல்லை. உரிமம் ஒத்துப் போகாத பொருளை நாங்கள் விநியோகிக்க மாட்டோம் என்ற கொள்கை. 'எல்லாம் நல்ல காரியத்துக்குத்தானே' என்று அந்தப் பக்கம் கோபம். எழுதினவர்களே ஒரு விதிவிலக்கு வரியைச் சேர்த்தால் போதாதா என்றால், தாங்கள் சொந்தமா எழுதின பகுதிக்கு அது செல்லும். ஆனால் கே.டி.இ.-க்குள் வேறு ஆட்கள் ஜி.பி.எல்.-இல் எழுதின பகுதிகளும் கலந்திருந்தன. அவர்கள் சார்பில் இவர்கள் எப்படி அனுமதி கொடுப்பது?

2000 செப்டம்பரில் டிரோல்டெக் க்யூட்டியை ஜி.பி.எல்.-இலும் வெளியிட்டது. பிரச்சினை அன்றைக்கே கரைந்தது, டெபியனும் கே.டி.இ.-யைச் சேர்த்துக்கொண்டது. மறுபடியும் அதே பாடம்: பூட்டை உடைக்கவில்லை, உரியவர் வந்து திறந்தார்.

நம்ம தமிழ் வரலாறு

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று நினைக்காதீங்க. தமிழ்க் கணிமையில் நம்ம மலேசியாவுக்குப் பெரிய இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய 'முரசு அஞ்சல்' இங்கே பிறந்தது. 2001-ல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2004-ல் நம்ம அரசாங்கமே திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது.

தேவார அன்பர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 'மதுரைத் திட்டம்'. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில் தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமா இணையத்தில் வைத்தார்கள். தாராளமா விநியோகிக்கலாம், தலைப்புப் பக்கத்தை மட்டும் அப்படியே வைத்திருங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. நம்மில் பலர் எடுத்துப் பயன்படுத்துகிறோம். முதல் வேலையா வெட்டி எறிவது அந்தத் தலைப்புப் பக்கத்தைத்தான். நானும் செய்திருக்கேன், ஒத்துக்கிறேன்.

அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டு. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-ன்படி, நூலின் உரிமை ஆசிரியர் மறைந்து 50 வருஷம் வரைதான். ஆக, பதிகம் எல்லாருக்கும் பொது. ஆனால் இந்தக் காலத்தில் எழுதின பொழிப்புரை பொது இல்லை, எழுதினவருக்குச் சொந்தம். அதைக் காட்டுகிற எழுத்துருவும் ஒருவர் செய்த மென்பொருள்தான். ஒரே பக்கத்தில் மூணு பேர் உரிமை இருக்கு.

எழுத்துருவிலும் இந்தக் குழப்பம் தீர்ந்த ஒரு நல்ல கதை உண்டு. ரெட் ஹாட் கம்பெனி 2004-ல் இந்திய மொழிகளுக்கான 'லோகித்' எழுத்துருக்களை ஜி.பி.எல்.-இல் வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. ஆனால் ஜி.பி.எல். நிரலுக்காக எழுதப்பட்டது. அச்சுக்கு அனுப்பும் பி.டி.எஃப். கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அப்போ என் புத்தகம் முழுசும் ஜி.பி.எல். ஆகிவிடுமா என்ற கேள்வி வந்தது. அதுக்காக, ஆவணத்துக்கு இது பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு வரி தேவைப்பட்டது. பிறகு எழுத்துருவுக்கென்றே ஓ.எஃப்.எல். என்ற உரிமம் 2005-ல் வந்தது. எழுத்துருவைத் தனியா விற்கக் கூடாது, ஆனால் அதை வைத்துச் செய்த புத்தகத்தை விற்கலாம், கொடுக்கலாம், உங்கள் இஷ்டம் என்று தெளிவா சொல்கிறது. 2011-ல் லோகித் அந்த உரிமத்துக்கு மாறியது. 2015-ல் கூகுளின் 'நோட்டோ' எழுத்துருக்களும் அதே உரிமத்துக்கு வந்தன.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சீட்டு

எங்க பேக்டரியில் ஒரு விதி உண்டு. மெஷினில் ரெண்டு விதமான வேலைக் குறிப்பு ஒட்டியிருந்தால், எது சரி என்று ஆப்பரேட்டர் முடிவு பண்ணக் கூடாது. மெஷினை நிறுத்தணும், குறிப்பு எழுதின ஆளைக் கூப்பிடணும், தப்பான தாளைக் கிழித்து எறியணும். சாப் வச்ச ஒரே தாள்தான் இருக்கணும்.

லினக்ஸும் கடைசியில் அங்கேதான் வந்தது. 2017 வாக்கில் அதில் சுமார் 60,000 கோப்புகள். ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிமம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மற்றவற்றில் ஒரே விஷயம் பல விதமா எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்து, கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி உரிமச் சீட்டு ஒட்டத் தொடங்கினார்கள். எஸ்.பி.டி.எக்ஸ். என்ற அந்தச் சீட்டு முறை 2021-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஆகிவிட்டது. ஐ.எஸ்.ஓ. ஆடிட் பார்த்த பேக்டரிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும்.

நாங்க என்ன செய்தோம்

எழுத்துரு செய்தவருக்கு எழுதினோம். அந்த முகவரி இப்போ இல்லை, கடிதம் திரும்பி வந்தது. ரெண்டு தாளில் எது செல்லும் என்று சொல்ல வேண்டியவர் அவர் ஒருத்தர்தான். அவர் கிடைக்காதபோது சௌகரியமானதை நாமே தேர்ந்தெடுப்பது சரியில்லை என்று அந்த எழுத்துருவை விட்டுவிட்டோம். லோகித் தமிழில் மறுபடி பக்கம் அமைத்தோம். மூணு ராத்திரி வேலை, 72 பக்கம் 76 ஆனது. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். போன வருஷம் யாரோ நம்ம புத்தகத்தை ஆலயப் பெயரை எடுத்துவிட்டு நகல் போட்டு விற்றபோது அதிகமா கோபப்பட்டவரும் அவர்தான். அதை ஞாபகப்படுத்தினேன். சிரிச்சிட்டார், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

பொழிப்புரை எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா வீட்டுக்குக் கிள்ளானுக்குப் போனோம். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அனுமதி கேட்டதே இல்லை. "எத்தனை பிள்ளைங்க படிச்சாலும் எனக்குச் சந்தோஷம்தானே"ன்னு சொல்லி, கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வரும் வழியில் எனக்கு ஒரே எண்ணம்தான். இன்னும் ரெண்டு வருஷம் கழித்து இந்தக் கேள்வி வந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

புதுப் பதிப்பில் பின் அட்டை வரி இல்லை. முதல் பக்கத்தில் ஒரே இடத்தில் இப்படி இருக்கும்: 'இந்நூலை யாரும் நகல் எடுக்கலாம், அச்சிடலாம், அச்சுச் செலவை வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தை மட்டும் நீக்க வேண்டாம்.' அதே பக்கத்தில் பொழிப்புரை யாருடையது, எழுத்துரு எது, பதிகத்தைத் தட்டச்சு செய்து கொடுத்த மதுரைத் திட்டத்தின் தலைப்பு, மூன்றும் இருக்கும்.

இனி என் வேண்டுகோள். உங்க ஆலயத்தில் போட்ட புத்தகம், பஜனைத் திரட்டு, திருவிழா மலர் எதுவானாலும் ஒரு தடவை முன்பக்கமும் பின் அட்டையும் சேர்த்துப் படிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகலன்னா, எழுதினவர் இருக்கும்போதே கேட்டு ஒரு வரியா ஆக்கிடுங்க.

காப்பார் டீச்சருக்கு முதல் நகல் போன வாரம் அனுப்பியாச்சு. இந்த ஞாயிறு அந்த நாற்பது பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு புத்தகம் இருக்கும்.

திருச்சிற்றம்பலம்.